ஒரே ஒரு வரி, ஏழாந் தடவையா

…ஒரு வரிதாங்க, சேர். நல்லாக் கேட்டுக்கங்க, ஒரே ஒரு வரி. ஒரு பக்கம் இல்ல, அரைப் பக்கம் இல்ல. கல்யாணக் கார்டுல அடியில வீட்டு விலாசம் போடுவாங்கல்ல, அதவிடச் சின்னது. அதுக்கு எட்டு மாசம். எட்டு மாசத்துல ஆறு தடவ போயி ஆறு தடவையும் திரும்பி வந்திருக்கு. பொண்ணு பாத்துட்டு வேணாங்கிற மாப்பிள்ள வீட்டுக்காரங்ககூட ரெண்டாந் தடவ கேட்டா வெக்கப்பட்டு வேற காரணம் சொல்லுவாங்க. இவங்க நாலு தடவையா ஒரே காரணத்தையே சொல்றாங்க.

ஒக்காருங்க சேர். அந்தக் கதிரை ஆடும், செவுத்துப் பக்கமாச் சாஞ்சுக்கங்க. போட்டோ கொப்பி மெஷின் சூடாகணும். இந்த ஹட்டன் குளிருக்கு அது காலையில எந்திரிக்கவே இருவது நிமிஷம். சூடாகி முடியப் போற நேரம் பாத்து லைட் ஒரு துடி துடிக்கும், மறுபடி மொதல்ல இருந்து. முந்தாநேத்து ஒருத்தரு மரண அறிவித்தல் கொப்பி எடுக்க வந்தாரு. மெஷின் சூடாகுறதுக்குள்ள பொணத்த எடுத்துட்டாங்க. அந்த மனுசன் அம்பது கொப்பியையும் கையில வச்சுக்கிட்டு யாருக்குக் குடுக்கிறதுன்னு என்னயப் பாக்குறாரு.

உங்க கடுதாசிய இங்க குடுங்க. நியமனக் கடுதாசியா? மயூரதன். யாழ்ப்பாணம், பேரப் பாத்தாலே தெரியுது. கம்பியூட்டர் படிச்சுக் குடுக்கவா வந்திருக்கீங்க? அப்ப உங்களுக்கு இந்தக் கத வெளங்கும். போன கிழமை ஒருத்தர்கிட்டச் சொன்னேன், நல்லதண்ணி ஊருக்கு மலையேறப் போறவரு. பாதியில எந்திரிச்சு ஓடிட்டாரு. மலையேறுறதே சொகம்னு நெனச்சிருப்பாரு.

இருங்க, மூலையில பென்சில்ல ஒண்ணு போட்டுக்கிறேன். பதறாதீங்க, பிள்ளையார் சுழிதான். நம்ம கடைக்குள்ள வந்த எந்தக் கடுதாசியும் அது இல்லாம வெளிய போனதில்ல. எங்கப்பா இந்த பஜார்ல அரிசிக் கட வச்சிருந்தப்ப, ரெண்டு மூட்டைக்குச் சீட்டு எழுதுனாலும் மேல ஒரு சுழி இருக்கும். சுழி இல்லாத சீட்ட லொறிக்காரனே வாங்க மாட்டான். பென்சில்தானே, கொப்பி எடுத்து முடிச்சதும் அழிச்சிருவேன்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், வரி.

அந்தத் தடுப்புக்குப் பின்னால நாலு கம்பியூட்டர் கொடலு வெளிய தெரியக் கெடக்குதுல்ல, அது எங்க வீட்டுக்காரரோட ராச்சியம். வெளிய போர்டுல "விஜேந்திரன் கம்யூனிகேஷன்"னு இருக்குல்ல, அந்த விஜேந்திரன். பேருதான் அவரு, கம்யூனிகேஷன் நானு. அவரு ஒரு நாளைக்குப் பேசுறத ஒரு தந்தியில அடிச்சிரலாம்.

வட்டவளப் பக்கம் ஒரு டீ பெக்டரி இருக்கு சேர். பறிச்ச கொழுந்த மேல் மாடியில விரிச்சு வாட்டுவாங்க. வாட்டம் பதமா இருக்கான்னு அங்க வேல செய்றவங்க ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாத்தே சொல்லிருவாங்க. அது போதாதுன்னு போன வருஷம் தைவான்ல இருந்து ஒரு கருவி எறக்குனாங்க. காத்துல எவ்வளவு ஈரம், எவ்வளவு சூடுன்னு ஒரு வயர் வழியா கம்பியூட்டருக்குச் சொல்லும். பெக்டரி ஆபிசு கம்பியூட்டரோ ரொம்பப் பழசு. காசு குடுத்து வாங்குற சிஸ்டம் எதுவும் அதுல ஏறாது. இவரு போயி லினக்ஸ் போட்டுக் குடுத்தாரு. ஒலகம் பூரா இருக்கிறவங்க சேந்து எழுதி ஓசியில விட்டிருக்காங்களே, அது. உங்களுக்குச் சொல்லவா வேணும். அதுக்கு நடுவுல கேர்னல்னு ஒண்ணு இருக்காம். மெஷினுக்கும் மத்ததுக்கும் எடையில நின்னு பேசுறது அதுதான். கிட்டத்தட்ட நான் மாதிரி.

வயர மாட்டுனாங்க. கேர்னல் கண்டுக்கல. ஆள் வந்த மாதிரியே காட்டிக்கல. என்னாடான்னு பாத்தா, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர் உண்டாம், கேர்னல்கிட்ட ஒரு பட்டியல் உண்டாம். பட்டியல்ல நம்பர் இல்லன்னா அது கண்ணுக்குத் தெரியாதாம். தோட்டத்துல ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துல காலங்காத்தால கொட்டுற பனியில முன்னால வந்து நின்னாலும், செக்ரோல் ஏட்டுல பேர் இல்லன்னா மேல்பாக்குற கண்டாக்கையாவுக்கு ஆள் தெரியாதுல்ல, அதே கணக்கு. இவரு மூணு நாளு அந்தக் கருவியப் பிரிச்சு வச்சு ஆராய்ஞ்சாரு. உள்ள இருக்கிற சாமான் பட்டியல்ல ஏற்கனவே இருக்கிற சாமான்தானாம். நம்பர் மட்டுந்தான் வேற. அந்த நம்பர ஒரு வரியில எழுதி பட்டியல்ல சேத்தாரு. ஓடிருச்சு. அன்னைக்கு நான் குடுத்த டீயில சீனி இல்லன்னுகூடத் தெரியாமக் குடிச்சுட்டுச் சிரிச்சாரு. கல்யாணத்துல எடுத்த போட்டோவுலகூட அப்பிடிச் சிரிச்சதில்ல.

அதோட நிக்க வேண்டியதுதானே? நிக்காதே. பெக்டரியில சிஸ்டத்த புதுசு பண்ணும்போதெல்லாம் அந்த வரி அழிஞ்சு போயிரும். இவரு பஸ் ஏறி ஓடணும். அங்க பெக்டரிய நடத்துற டீமேக்கர் ஜெயரத்தினம் ஐயா, உங்க ஊர்ப் பக்கந்தான், நல்ல மனுசன். அவரு சொன்னாராம், இன்னும் மூணு தோட்டத்துக்கு இதையே போடலாம் தம்பி, ஆனா நீங்க பக்கத்துல நின்னாத்தான் ஓடுங்கிற சாமான நான் எப்பிடி மேலிடத்துக்கு எழுதிக் கேக்கிறது, அது லினக்ஸ் சீடீயிலயே வரட்டும்னு. நியாயந்தானே. சீடீயிலயே வரணும்னா அந்தக் கேர்னல் எழுதுற ஆளுங்ககிட்டக் குடுத்து, அவங்க பட்டியல்ல ஏத்தணும்.

குடுக்கிறதுன்னா சும்மாவா? அங்கயும் தோட்டந்தான் சேர். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கங்காணி. கங்காணி சரின்னா கண்டாக்கையா பாப்பாரு. அவரு சரின்னா சின்னத் தொரை. அவரு மூட்டையாக் கட்டிப் பெரிய தொரைக்கு அனுப்புவாராம். வெள்ளக்காரத் தொரைமாரெல்லாம் கப்பலேறிப் போயிட்டாங்கன்னு நாங்க நெனச்சுக்கிட்டிருக்கோம். போகல, ஈமெயில்ல ஒக்காந்திருக்காங்க. இதுல விசேஷம் என்னான்னா, இங்க பேர் விழுந்தா கூலியாவது உண்டு. அங்க ஒரு சதம் கெடையாது. கூலியே குடுக்காம ஆள இவ்வளவு வெரட்டுற தோட்டத்த நான் பாத்ததில்ல. அதுக்கும் ஆயிரக்கணக்குல வரிசையில நிக்கிறாங்களாம். எங்க வீட்டுக்காரரும் ஒரு வரிய எடுத்துக்கிட்டுப் போயி நின்னாரு.

மொதத் தடவ அனுப்புனப்ப அடியில "ஆர். விஜேந்திரன்"னு போட்டிருந்தாரு. முழுப் பேரு போடு, ஆர்னா என்னான்னு கேட்டு வந்துச்சு. சரின்னு ரெண்டாந் தடவ "ராமையா விஜேந்திரன்"னு போட்டாரு. பதில் எப்பிடி வருது தெரியுமா? "வணக்கம் ராமையா." எங்க மாமனாரு செத்துப் பதினோரு வருஷம். அவரு கம்பியூட்டரத் தொட்டதில்ல, டெலிபோனத் தொடவே யோசிப்பாரு. அவருக்கு ஜெர்மனியில இருந்து கடுதாசி. ராமையா, உன் முயற்சிக்கு ரொம்ப நன்றி, ஆனா வரி சரியில்லன்னு. உசுரோட இருந்தப்ப அவருக்கு யாரும் நன்றி சொன்னதில்ல. போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்.

வரியில என்னா சரியில்லன்னு கேளுங்க. வரி தொடங்குறதுக்கு முன்னால கொஞ்சம் எடம் விடணும். இவரு எட்டுத் தடவ தட்டி எடம் விட்டிருக்காரு. அப்பிடி விடக்கூடாதாம். ஒரே தட்டுல தாண்டணுமாம், அதுக்குன்னு வேற பட்டன் இருக்காம். நான் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தேன் சேர், ரெண்டும் ஒரே வெறும் எடம். ஒண்ணுமில்லாததுலகூட சரியான ஒண்ணுமில்லாதது, தப்பான ஒண்ணுமில்லாததுன்னு ரெண்டு இருக்கு பாருங்க. கொழுந்த அள்ளிப் பாத்து முத்தல் இலைன்னு வீசுற கண்டாக்கையாகூட, இலைன்னு ஒண்ணு இருந்தாத்தானே வீசுவாரு.

போச்சு, லைட் துடிச்சுருச்சு. பாத்தீங்களா, மெஷின் மறுபடி மொதல்ல இருந்து. நீங்க அவசரமாப் போகணுமோ? இல்லல்ல. பள்ளிக்கூடம் திங்கக்கெழமதானே, கடுதாசியிலயே போட்டிருக்கு.

ஆனா ஒண்ணு, அந்த ரெண்டு தடவையும் திரும்புனதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. அவரும் திருத்திட்டாரு. அது வரைக்கும் நான் வாயத் தொறக்கல. சிரிக்காதீங்க, நெசமாத்தான். மூணாந் தடவையில இருந்து அனுப்புற வேலைய நான் எடுத்துக்கிட்டேன். ஏன்னா டெலிபோன் லைன் இந்தக் கவுண்டர் கம்பியூட்டருக்குத்தான் இருக்கு, காலையில லைன் நல்லாருக்கிற நேரம் அவரு பஸ்ஸுல இருப்பாரு. அவரு பின்னால ஒக்காந்து எழுதி, பிளொப்பியில போட்டு, இங்க வச்சுட்டுப் போயிருவாரு. நான் சாமி படத்துக்கு வெளக்கப் பொருத்திட்டு, நல்ல நேரம் பாத்து, மொறையா அனுப்பி வைப்பேன்.

அந்த மூணாந் தடவதான் சனி பிடிச்சுச்சு. என்னா பதில்? உன் கடுதாசி அலங்காரமா வந்திருக்கு, எங்களுக்கு வெறும் எழுத்துப் போதும், இப்பிடி வந்தா எங்க மெஷின் எடுக்காதுன்னு. எங்க வீட்டுக்காரருக்கா அலங்காரம்? தீவாளிக்கு எடுத்த சட்டையப் பொங்கலுக்குப் பிரிக்கிற ஆளு அது. அவரு வரி எழுதுனா மொட்டப் பாறை மாதிரி இருக்கும். நாலாந் தடவ போச்சு. அதே பதில், கொஞ்சம் சின்னதா. அஞ்சாந் தடவ, "முன்னையே சொன்னேன்." ஆறாந் தடவ ஒரே ஒரு இன்டர்நெட் விலாசம், அதப் போயிப் படின்னு. ஒரு வரி அனுப்புனவருக்கு ஒரு வரி பதில், சரிக்குச் சரி.

அதுக்கு நடுவுல இன்னொருத்தன், எங்கயோ பனி பெய்யிற ஊருக்காரன், கேக்கிறான், மேல எதுக்கு ஒரு ஒத்த இங்கிலீஷ் எழுத்து தனியா நிக்குதுன்னு. எங்க நிக்குது? இவரு பிளொப்பியத் தொறந்து பாத்தாரு. நிக்கல. ரெண்டு நாளாத் தேடுனாரு. ஒரு எழுத்தும் இல்ல. எங்கிட்ட இருந்தாலும் காட்டலாம், நான் அனுப்புனதையெல்லாம் அப்பப்ப அழிச்சிருவேன், மெயில் பொட்டி நெறஞ்சு போகுதுன்னு.

பாவம் சேர், அவரு என்னதான் செய்யல? பிளொப்பி பழுதுன்னு புதுசா ஒரு பொட்டி வாங்குனாரு. லைன்ல இரைச்சல் இருக்கு, போற வழியில எழுத்து கெடுதுன்னு டெலிபோன் ஆளக் கூட்டிட்டு வந்தாரு. அந்த மாத்தயா மழையில கம்பத்துல ஏறிப் பாத்துட்டு, "லைன் எக்க ஹொந்தய்", லைன் நல்லாத்தான் இருக்குன்னு சிங்களத்துல சொல்லிட்டு எறங்கி, ரெண்டு பிளேன் டீ குடிச்சுட்டுப் போனாரு. அப்புறம் அந்த வரியவே நம்பாம, அழிச்சுட்டு எழுத்தெழுத்தா மறுபடி அடிச்சாரு. கடைசில ஆள் தன்னையே நம்பாமப் போயிட்டாரு. அதுதான் பாக்க நல்லா இல்ல.

போன கிழமை சோத்துல கை வச்சுக்கிட்டுக் கேட்டாரு. "அழகம்மை, அவங்க எழுதுற இங்கிலீஷ் எனக்குத்தான் வெளங்கலையோ?"

நானும் இருந்த கோவத்துல, "இருக்கும்"னேன்.

அதோட விட்டேனா? நுவரெலியாவுல எங்கண்ணன் சோமசுந்தரம் கட இருக்கு. அரிசி, பருப்பு, கருவாடு. பாத்துக்கிறதுக்கு நம்பிக்கையான ஆள் தேடிக்கிட்டிருந்தாரு. நான்தான் பேசி வச்சேன். பின் அறைய மூடுங்க, அண்ணன் கடையில போயி மரியாதையா ஒக்காருங்கன்னு சொன்னேன். இது நான் வருஷக்கணக்கா சொல்றதுதான், அவரும் வருஷக்கணக்கா காதுல வாங்காததுதான். அன்னைக்குச் சரின்னுட்டாரு. இந்த ஞாயித்துக்கெழமையோட அந்தக் கேர்னல் ஆளுங்க புதுசா வர்றத எடுக்கிற வாசலச் சாத்திருவாங்களாம், அப்புறம் எத்தன மாசமோ. ஏழாந் தடவையா இன்னும் ஒரே ஒரு தடவ அனுப்புவோம், இதுவும் திரும்புனா திங்கக்கெழம நுவரெலியாவுக்கு எறங்குற நானுஓயா ஸ்டேஷனுக்கு டிக்கட் எடுத்துருன்னாரு. ஸ்க்ரூட்ரைவர், ஈயம் வைக்கிற கம்பி, எல்லாத்தையும் பிஸ்கட் டின்னுல போட்டு மூடிட்டாரு. மேல ஒரு நூலு வேற கட்டியிருக்காரு.

எனக்குச் சந்தோசந்தான். ஏன் அப்பிடிப் பாக்குறீங்க? சந்தோசந்தான் சேர். வருஷக்கணக்கா நான் கேட்டது கெடச்சிருக்கு. கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்துல ஸ்டூல போட்டு அவரு ஒக்காந்திருக்கிறத நெனச்சுப் பாத்தேன். ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல, அது வேற விசயம்.

இன்னைக்கு வெள்ளியா. இந்தா பிளொப்பி. வட்டவளைக்குப் போயிருக்காரு, பதினொரு மணிக்குள்ள வந்துருவாரு. பத்தரைக்கு ராகுகாலம், அதுக்கு முன்ன அனுப்பிரணும். மெஷின் சூடாகுற நேரத்துல இத முடிச்சிருவோம், பாருங்க நீங்களும். லைன் பிடிக்கட்டும். கேக்குதா, கோழியக் கழுத்த நெரிக்கிற மாதிரி? அது நின்னாப் பிடிச்சிருச்சுன்னு அர்த்தம். ம், பிடிச்சிருச்சு. பிளொப்பியத் தொறந்தாச்சு. அவரு எழுதுனத அப்பிடியே அள்ளி இங்க போட்டாச்சு. இதுல ஒரு எழுத்துத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு. சாமி சத்தியமா இது வரைக்கும் தொட்டதில்ல. இப்ப இதுக்கு மேல கொஞ்சம் எடம் விட்டு, இங்க பாமினிங்கிற தமிழ் எழுத்துக்கு மாத்தி, ஒரு சுழி. பக்கத்துல "லாபம்". செவப்பு. இந்தத் தடவ கடைசித் தடவங்கிறதால இன்னும் கொஞ்சம் பெருசா…

ஏன் சேர் எந்திரிச்சுட்டீங்க?

என்னா? கையை எடுக்கவா? எடுத்துட்டேன். ஆமா, எப்பவும்தான். மூணாந் தடவையில இருந்து. மொத ரெண்டு தடவையும் அவரே மொட்டையா அனுப்புனாரு, வெளங்குமா? நம்ம கடையில இருந்து ஒண்ணு வெளிய போகுது, மேல ஒரு சுழி இல்லாமலா? அதனாலதானே திரும்புதுன்னு நான்…

மெதுவாச் சொல்லுங்க. உங்க ஊர்ப் பேச்சு வேகமா வந்தா எனக்குப் பிடிபடாது.

எழுத்த மாத்துனா கடுதாசியே வேற சாதியாயிருமா? இன்ன எழுத்து, இன்ன கலர், இன்ன பெருசுன்னு உள்ளுக்குள்ள எல்லாத்தையும் சேத்து எழுதி அனுப்புமா? நான் ஒரு சுழிதானே போட்டேன். ஒரு சுழிக்கும் முழுக் கடுதாசியும் மாறிருமா. அவரு வரியும் அதுக்குள்ள மாட்டிக்கிருமா.

இருங்க. அவங்க மெஷின்ல பாமினி இருக்காது. ஜெர்மனியில எதுக்கு இருக்கப் போகுது. அப்ப இந்தச் சுழி அங்க என்னாவாத் தெரியும்? நான் எந்தப் பட்டன அமுத்துனேனோ அந்த இங்கிலீஷ் எழுத்தாவா?

ஒத்த எழுத்தா. மேல. தனியா.

…கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன் சேர்.

நான் ஒரு தடவையாவது கொறச்சிருக்கலாம்ல? திரும்பி வர வரக் கூட்டிக்கிட்டே போனேன். மூணாந் தடவ சுழி மட்டும். நாலாந் தடவ செவப்புல. அஞ்சாந் தடவ லாபம். ஆறாந் தடவ… ஆறாந் தடவ பின்னால ரோசாப்பூப் போட்ட தாளு ஒண்ணு அதுலயே கெடந்துச்சு சேர், அதையும் விரிச்சு விட்டேன். வெள்ளிக்கெழமைக்கு மங்களமா இருக்குமேன்னு. அந்த ஜெர்மன்காரன் ரோசாப்பூவுக்கு நடுவுல நம்பரத் தேடியிருப்பான். ஒரு வரியில பதில் சொன்னானேன்னு நான் அவனத் திட்டுனேன். நான் அவன் எடத்துல இருந்தா அந்த ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு பொட்டி பிளொப்பி. மழையில ஒரு மனுசனக் கம்பத்துல ஏத்துனோம். இங்கிலீஷ் வெளங்கலையோன்னு கேட்டாரு, நான் "இருக்கும்"னு சொன்னேன். கேட்டீங்கதானே, கொஞ்சம் முன்ன நானே என் வாயால சொன்னேன். எதப் படிச்சாரோ அத அப்பிடியே வெளங்கிக்கிட்டுத்தான் மனுசன் மண்டைய ஒடச்சிருக்காரு.

மணி என்னா? பத்து இருவதா. எப்பிடி மாத்துறது, காட்டுங்க. இந்த மேல இருக்கிறதா? வெறும் எழுத்துன்னு இங்கயே போட்டிருக்கு, எட்டு மாசமா என் மூக்குக்கு முன்னால. அமுத்துறேன்… எல்லாம் போயிருச்சே. செவப்பும் போச்சு. இந்தா நிக்குது பாருங்க, அந்த ஒத்த எழுத்து, பக்கத்துல லாபமும் இங்கிலீஷ் எழுத்தா செதறிக் கெடக்கு. அவன் கேட்டது இதத்தான். இதையும் அழிக்கணும், இல்ல? ம். அழிச்சாச்சு.

பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு சேர், வெறுங்கழுத்தோட விசேஷ வீட்டுக்குப் போற மாதிரி. எங்கப்பா இருந்தா இந்தக் கைய ஒடிச்சிருப்பாரு.

ஒரு நிமிஷம். கவுண்டர்க் கண்ணாடியில பனி படிஞ்சிருக்கில்ல, அதுல வெரலால போட்டா ஜெர்மனியில தெரியுமா? தெரியாதுல்ல. சும்மா கேட்டேன். இந்தா, போட்டுட்டேன். உங்க மூஞ்சியில சிரிப்பு வருது, பரவால்ல. இப்ப அமுத்துறேன்.

போகுது… போகுது… போயிருச்சு.

மெஷின் சூடாகி எவ்வளவு நேரம்? பச்ச லைட் எரியுது, நான் பாக்கல. குடுங்க, ரெண்டு கொப்பிதானே. இந்தா ஒண்ணு. இந்தா ரெண்டு. ஒரிஜினல நான் லாமினேட் பண்ணித் தாரேன், சும்மாத்தான், வச்சுக்கங்க. மலையகத்துப் பனிக்கு வெறும் கடுதாசி ஒரு மாரிகாலந் தாங்காது. அந்த மெஷினும் சூடாத்தான் இருக்கு. உள்ள விட்டாச்சு, அது மெதுவா வரும்.

ஆனா ஒண்ணு சேர். இங்க நடந்தது இங்கயே இருக்கட்டும். நீங்களோ சத்தமே வராமப் பேசுற ஆளு, உங்கள நம்பலாம். நானே அவருகிட்டச் சொல்லிக்கிறேன். மொதல்ல அந்த வரி உள்ள போகட்டும். போனா அந்தச் சந்தோசத்துல சொல்லிரலாம். போகலன்னா… போகலன்னாலும் சொல்லத்தான் வேணும். நல்ல நேரம் பாத்துச் சொல்லுவேன்.

படியில சத்தம் கேக்குதா? செருப்பத் தேச்சுத் தேச்சு ஏறுறது அவருதான். பஸ் இன்னைக்குன்னு நேரத்துக்கு வந்திருக்கு பாருங்க. நீங்க அந்தக் கலண்டரப் பாத்துக்கிட்டு நில்லுங்க. மூஞ்சிய இங்க திருப்பாதீங்க, உங்க மூஞ்சியே சொல்லிரும்.

வாங்க. நனைஞ்சுட்டீங்களா? இவரு புதுசா வந்திருக்கிற கம்பியூட்டர் சேர், மயூரதன். கொப்பி எடுக்க வந்தாரு. நாங்க ஒண்ணும் பேசிக்கல.

அனுப்பிட்டேங்க. பத்தரைக்கு முன்னாலயே. நீங்க எழுதுனது எழுதுன மாதிரி அப்பிடியே போயிருச்சு. ஒரு எழுத்துகூடக் கூடல, கொறையல. நான் ஒண்ணுமே சேக்கல, இந்தத் தடவ.

…

ஏன் அப்பிடிப் பாக்குறீங்க? நான் என்னா சொல்லிட்டேன் இப்ப? ஒண்ணும் சேக்கலன்னுதானே சொன்னேன். டீ ஊத்தவா? அந்த பிஸ்கட் டின்ன ஏன் குறுக்க வச்சிருக்கீங்க, நூலப் பிரிச்சு உள்ள கொண்டுபோயி வைங்க, ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுக்கலாம். திங்கக்கெழம டிக்கட்டெல்லாம் எடுக்க முடியாது, எனக்கு முழங்கால் வலி. நம்பலன்னா சேரக் கேளுங்க, அவரு பக்கத்துலதான் நின்னாரு. சேர், நீங்களே சொல்லுங்களேன்…

சேர்?

பாருங்க, போயிட்டாரு. கொப்பி ரெண்டையும் எடுத்துக்கிட்டாரு, லாமினேட் பண்ணுன ஒரிஜினல விட்டுட்டாரு. இன்னும் சூடா இருக்கு. ஓடிப்போயிக் குடுங்க, பஸ் ஸ்டாண்டுக்குத்தான் எறங்கியிருப்பாரு, நியமனக் கடுதாசி அது.

ஏன் நின்னுட்டீங்க? எங்க, காட்டுங்க. மூலையிலயா.

ஐயோ, பிளாஸ்டிக்குக்கு உள்ள போயிருச்சா அந்தச் சுழி.

பென்சில்தாங்க. அழிச்சிருவேன்னுதான் சொல்லியிருந்தேன்.